ஃபாக்ஸ், வாலஸ்: சென்னை நியமனம்

க்ஷயரோகத்துக்கு மருந்துகள் கிடைத்துவிட்ட பின்னும், சானடோரியத்தில் படுக்கை கிடைக்காத எண்ணற்ற ஏழை நோயாளிகளை அவரவர் வீட்டில் வைத்தே குணப்படுத்த இயலுமா என்ற பிரச்னையை ஆராயும்பொருட்டு, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோது, அதற்குத் தலைமை வகிக்கப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலிலிருந்து வந்து சேர்ந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம் ஆகியவையும் இதில் பங்காளிகள். நாடி பார்க்கும் வைத்தியனும், எண்களைக் கொண்டு உண்மையைச் சோதிக்கும் ஆராய்ச்சியாளனும் ஒருவரிடத்திலேயே கூடியிருத்தல் அபூர்வம். அத்தகைய ஒருவரைத் தேர்ந்ததே இந்நியமனத்தின் விசேஷம் எனலாம்.

இப்பிரச்னைக்கு விடை காண நிலையம் நடத்திய ஆய்வில் 193 நோயாளிகள், சீட்டுக் குலுக்கியது போலத் தற்செயலாக இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு சாரார் வீட்டிலும் மற்றவர் சானடோரியத்திலுமாக ஓராண்டுக்காலம் ஐசோனியாசிட், பாஸ் ஆகிய மருந்துகளை உட்கொண்டனர். கொடுத்த மருந்தை நோயாளி விழுங்கியிருப்பான் என்று ஃபாக்ஸ் லேசில் நம்பிவிடவில்லை. நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீட்டு வாசலில் வந்து நின்று, எஞ்சிய மருந்தை எண்ணி, பரிசோதனைக்குச் சிறுநீரும் வாங்கிச் சென்றனர். 1959-இல் வெளியான முடிவின்படி, இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதனால் வீட்டிலுள்ளோர்க்குத் தொற்று மிகுந்துவிடவுமில்லை. ஃபாக்ஸ் 1961-இல் தாயகம் திரும்பி, 1965 முதல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் க்ஷயரோக, மார்புநோய்ப் பிரிவுக்கு இயக்குநராக விளங்கினார்.