தாம்பூலம் தரும் உறுதி

தமிழர் இல்லங்களில் நற்செயல்கள் வெற்றிலை பாக்கோடு தொடங்குகின்றன. மணம் பேசி முடித்தலை நிச்சயதாம்பூலம் என்றே வழங்குகிறோம். இசை பயிலப் புகும் மாணவர் ஆசிரியர்க்கு முதற்கண் அளிப்பதும், நாதசுரக் கலைஞரை விழாவுக்கு அமர்த்துவோர் முன்பணத்துடன் வைத்துக் கொடுப்பதும் தாம்பூலமே. விலையால் எளிய இவ்விலை இத்துணைச் சிறப்பு எய்தியது எங்ஙனம்?

வெற்றியைத் தருவதால் வெற்றிலை என்று மங்கலப் பொருள் கூறுவார் உளர். பூவும் காயும் கருதப்படாமல் இலையே பயனாதலின் ‘வெறு இலை’ வெற்றிலை ஆயிற்று என்பதே சொல்லாய்வுக்குப் பொருந்துவது. இக்கொடியும் கமுகும் தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்டவை என்பர் தாவரவியலார். குடிபெயர்ந்து வந்த செடிகளே நம் மண்ணில் வேரூன்றி, நம் மரபின் முகமாயின.

அவை நெடுங்காலத்திற்கு முன்பே வந்துவிட்டன. சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு அருகே ஆயர் குடியிருப்பில் உணவருந்திய கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் அளிக்கிறாள். அதன்பின்னரே அவன் சிலம்பு விற்கப் புறப்படுகிறான். சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகள் இறைவனுக்குரிய படையல்களுள் அடைக்காயமுதையும் குறிக்கின்றன. 1443இல் விசயநகர் வந்த ஹீராத்து அரசரின் தூதர் அப்துர் ரசாக், அரசரைக் காணும்போதெல்லாம் தமக்கு வெற்றிலையும், பணம் கொண்ட பையும், கருப்பூரமும் வழங்கப்பட்டதாக எழுதியுள்ளார்.

வடபுலத்தில் வாழும் நமக்கு இந்தி மொழி வழக்கொன்று இதன் உட்பொருளைக் காட்டும். அரிய செயலை ஏற்பதைப் ‘பீடா உடானா’ என்பர். வெற்றிலைச் சுருளை எடுத்தல் என்பது அதன் நேர்பொருள். அவையில் வைத்த சுருளை எடுத்தவர் அச்செயலை முடிக்க வாக்களித்தவர் ஆவார். நம் நிச்சயதாம்பூலத்தின் கருத்தும் இதுவேயன்றோ? கொடுப்பதினும் ஏற்பதே இங்கு முதன்மையானது. ஏற்ற கை உறுதி கூறிய கையாகிறது. செல்வரும் வறியரும் ஒரே பொருளைக் கொடுத்து ஒரே உறுதியைப் பெறலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு.

இன்று தாம்பூலப் பைகளில் பாத்திரங்களும் அலங்காரப் பொருள்களும் நிறைகின்றன. வெற்றிலை சிலவற்றில் பெயரளவில் உள்ளது, சிலவற்றில் அதுவும் இல்லை. பாக்கு புற்றுநோய் விளைப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூல் உறுதிப்படுத்தியது. ஆதலின் மெல்லும் பழக்கத்தை விடுதல் நன்று. அதன்பொருட்டு வழங்கும் மரபையும் விடவேண்டுவதில்லை.

பனாரசுப் பான் 2023இலும் கும்பகோணம் வெற்றிலை 2025இலும் புவிசார் குறியீடு பெற்றன. கொடிக்காலை அறியாது நகரங்களில் வளரும் நம் பிள்ளைகளின் கையில் இரண்டு வெற்றிலையும் ஒரு நாணயமும் வைக்கும்போது, அதன் பொருளையும் சொல்லிக் கொடுப்போம். நற்பேற்றை வேண்டுவதோடு அது நின்றுவிடுவதில்லை. தொடங்கியதை முடிப்பேன் என்னும் சொல்லையும் அது கேட்கிறது.