படகு இயந்திரத்தின் தொடக்கி: ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பாதையில் அமைந்த வணிக ஊர் அக்குறணை. மலைகள் சூழ்ந்த இவ்வூரை முன்னிறுத்திக் கடற்படகின் இயந்திரம் பற்றி ஆராய்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும், இவ்வூரின் கடைத்தெருவூடாகச் செல்லும் ஏ9 வீதி தம்புள்ளை, வவுனியா, ஆனையிறவு ஆகிய இடங்களைக் கடந்து யாழ்ப்பாணத்தைச் சென்றடைகின்றது. இவ்வீதியில் ஓடும் டீசல் லொறிக்கும், வீதி முடியுமிடத்தில் கடலிறங்கும் டீசல் படகுக்கும் பொதுவான உறுப்பொன்று உண்டு. மக்கள் 'ஸ்டாட்டர்' என வழங்கும் தொடக்கி மோட்டாரே அது.

ருடோல்ப் டீசல் தமது இயந்திரத்தை 1897 இல் ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அதில் தீப்பொறிக்கு இடமில்லை. காற்றை வன்மையாக அமுக்குவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. ஆதலால் அதன் முதற் சுழற்சிக்குப் பெருவலு வேண்டும். சிறிய இயந்திரங்களை மனிதர் கைப்பிடியாற் சுழற்றினர். கைப்பிடி திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. மோட்டார் வண்டிக்கான மின் தொடக்கியை அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் 1911 இல் உருவாக்கினார். அம்முறை பின்னர் டீசல் இயந்திரங்களுக்கும் பரவியது.

இலங்கையில் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் திட்டம் 1958 இல் நடைமுறைக்கு வந்தது. 28 அடி நீளமான மூன்றரைத் தொன் டீசல் படகுகள் கரையோர மக்களுக்கு அறிமுகமாயின. 1964 இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் தோன்றியது. 1967 இல் நோர்வே உதவியுடன் காரைநகரில் சீநோர் நிறுவனம் உருவாயிற்று. இவ்வரலாற்றைக் கூறுவோர் படகுகளின் தொகையையும் பிடித்த மீனின் நிறையையுமே பெரிதும் எடுத்துரைப்பர். படகைக் கடலில் நிலைக்கவைத்த பராமரிப்பு அறிவோ அவர்தம் கண்ணிற் படுவதில்லை.

அவ்வறிவு எளியதன்று. பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டம் மோட்டாரைச் சுழற்ற, அதன் சிறு பற்சில்லு முன்னே நகர்ந்து இயந்திரத்தின் பறப்புச்சில்லைத் திருப்புகின்றது. உப்புக் காற்றோ இணைப்புகளை அரித்து மின்னோட்டத்தைத் தடுக்கின்றது. எனவே மோட்டாரைக் குறைகூறுமுன் பற்றரியையும் கம்பி முனைகளையும் சோதித்தல் வேண்டும். மாற்றுவதாயின், பற்றரியின் எதிர்முனையை முதலிற் கழற்றி, கம்பிகளுக்கு அடையாளமிட்டு, புதிய மோட்டாரின் பற்களின் எண்ணிக்கையும் சுழலும் திசையும் பழையதை ஒத்தனவா எனப் பார்த்தல் வேண்டும். இயந்திரம் உயிர்பெறாத நிலையில் நெடுநேரம் சுழற்றுதல் ஆகாது. கடல்நீராற் குளிர்விக்கப்படும் புகைபோக்கியில், புகை வந்து தள்ளாமையால் நீர் தேங்கி, இயந்திரத்தினுள்ளேயே புகுந்துவிடலாம்.

இனி, வசதி சார்புநிலையையும் உடன்கொணர்ந்தமை நோக்கற்பாலது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது எரிபொருள், மின்கலம் உள்ளிட்ட பல பொருள்கள் வடபகுதிக்குச் செல்வது தடுக்கப்பட்டது. கடற்றொழிலும் கடுங் கட்டுப்பாடுகளுக்கு உள்ளாயிற்று. ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 இல் மூடப்பட்டு, 2009 இல் மீண்டும் திறக்கப்பட்டது. கையாற் சுழற்றத்தக்க சிறு இயந்திரம் பற்றரியின்றியும் உயிர்பெறும். தொடக்கியையே நம்பிய பெரிய இயந்திரத்துக்கோ டீசல் இருந்தாலும் பற்றரியின்றிப் பயனில்லை. தென்திசைக் கடைத்தெருக்களில் எளிதாய்க் கிடைத்த ஒரு பொருள், அதே வீதியின் மறுமுனையில் ஒரு குடும்பத்தின் உணவைத் தீர்மானிக்கும் பொருளாக மாறியது.

ஆகவே, இயந்திரமயமாக்கத்தின் வரலாறு இயந்திரம் வந்திறங்கிய நாளோடு முடிவதன்று. அதைப் பழுதுபார்த்த கைகளும், உதிரிப்பாகம் வந்த பாதையும், அப்பாதை அடைபட்ட ஆண்டுகளும் அவ்வரலாற்றில் இடம்பெறல் வேண்டும். எண்பது வயதைத் தாண்டிய இயந்திரத் திருத்துநர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களின் அனுபவங்களைக் கேட்டுப் பதிவுசெய்தல் வரலாறு பயிலும் மாணவராகிய நமது உடனடிக் கடமையாகும்.