வெற்றிடத்தின் கைகள்

வெற்றிடம் என்ற ஒன்று இயற்கையில் இருக்கவியலாது என்றார் அரிஸ்டாட்டில். பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து, அதன் உச்சியில் உருவான வெற்றிடத்தை டாரிசெல்லி ஒரு கடிதத்தில் விவரித்தது 1644இல். பாதரசம் ஏறத்தாழ 30 அங்குல உயரத்தில் நின்றது. பழைய கார்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கின் வெற்றிடமானி இன்றும் காட்டுவது அந்தப் பாதரச அங்குலத்தைத்தான்.

பெட்ரோல் எஞ்சின் நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது, காற்று நுழையும் வழி ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுப்பதால் உள்ளே அழுத்தம் குறையும். நல்ல எஞ்சினில் மானி 17 முதல் 22 அங்குலம் காட்டும். தனிச் செலவின்றிக் கிடைத்த இவ்விசையால் அமெரிக்கப் பொறியாளர்கள் வைப்பரை இயக்கினர். மேடேறுகையில் காற்றுவழி அகலத் திறக்கும், வெற்றிடம் குன்றும், மழைக்கு நடுவே வைப்பர் தயங்கும்.

ஹீட்டரின் கதையும் இதனோடு பிணைந்தது. வெளிக்காற்றை இழுத்து, எஞ்சினின் வெந்நீரால் சூடாக்கி உள்ளே அனுப்பும் முறையை நாஷ் நிறுவனம் 1938ஆம் ஆண்டுக் கார்களில் கொணர்ந்தது. பின்னர், 1960களிலிருந்து பல அமெரிக்கக் கார்களில், அந்தக் காற்றைக் காலுக்கோ முகத்துக்கோ திருப்பும் கதவுகளையும் வெற்றிடமே அசைத்தது.

ஆண்டுகள் செல்ல, மெல்லிய ரப்பர் குழாய்கள் இறுகி வெடிக்கும். கணக்கில் வராத காற்று புகுந்து எஞ்சின் தடுமாறும். ஹீட்டரும் சொன்ன பேச்சைக் கேளாது. இருவேறு நோய்களாகத் தோன்றுபவற்றுக்கு வேர் ஒன்றே. தேர்ந்த மெக்கானிக் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையால் சீறும் இடத்தைத் தேடுவார். மேடேறும்போது மட்டும் காற்று திசை மாறினால், வெற்றிடத்தைத் தேக்கிவைக்கும் ஒருவழி வால்வை ஐயுறுவார்.

அப்போது காற்று எங்கே திரும்புகிறது என்பதே கருதத்தக்கது. வெற்றிடம் அற்றுப்போனால், சுருள்வில் கதவைத் தள்ளிக் காற்றை முன்கண்ணாடிக்கு அனுப்பும்படி பெரும்பாலான கார்கள் அமைக்கப்பட்டன. கால் விறைக்கலாம், பனி படிந்து பாதை மறையக்கூடாது. இன்று அக்கதவுகளைச் சிறு மின்மோட்டார்கள் அசைக்கின்றன. அவை பழுதானால் கதவு பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. தன் தோல்வியையும் முன்னரே எண்ணிப்பார்த்த பொறி பழையதுதான்.