சொல்லுக்கு முந்திய நிறம்

சார்லஸ் டார்வின் 1877இல் கோஸ்மோஸ் என்ற ஜெர்மன் இதழில் தம் பிள்ளைகளைப் பற்றிய ஒரு செய்தியைப் பதிவு செய்தார். அன்றாடப் பொருள்களின் பெயர்களையெல்லாம் அறிந்துகொண்ட வயதிலும் அவர்களில் இரண்டு மூன்று பேரால் படங்களிலுள்ள நிறங்களுக்குச் சரியான பெயர் சொல்ல முடியவில்லை. அவர்கள் நிறக்குருடர்களோ என்று அவர் ஐயுற்றார். பின்னாளில் அந்த ஐயம் வீண் எனத் தெரிந்தது. பெயர் சொல்லத் தெரியாததைப் பார்க்கத் தெரியாததாகக் கொள்ளும் இந்தப் பிழை இன்றும் தொடர்கிறது. நிறங்களை வகைப்படுத்திக் காணும் ஆற்றல் பிறந்து ஆறு மாதத்துக்குள் அமைந்துவிடுகிறது என்பதும், மொழி அதற்குப் பிறகே வந்து அதைத் திருத்துகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பேசாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? ராபர்ட் ஃபான்ட்ஸ் 1950களின் இறுதியில் ஒரு வழி கண்டார்: குழந்தை எதை நெடுநேரம் பார்க்கிறது என்று அளந்தார். ஆனால் நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்புக் கட்டத்தைக் குழந்தை பார்ப்பது அதன் சிவப்புக்காகவா, சுற்றியுள்ள வெண்மையைவிட அது மங்கலாகவோ பளிச்சென்றோ இருப்பதற்காகவா? 1975இல் பீப்பிள்ஸ், டேவிடா டெல்லர் இருவரும் ஒளிர்வைச் சிறுசிறு படிகளாக மாற்றி இதை ஆராய்ந்தனர். வெள்ளைப் பின்னணியும் சிவப்பும் ஒளிர்வில் சமமாகும் புள்ளி எங்கோ ஓரிடத்தில் வந்தே தீரும். அப்படியும் எல்லாப் படிகளிலும் இரண்டு மாதக் குழந்தைகள் சிவப்பைக் கண்டுகொண்டன. பச்சிளங்குழந்தைக்குக் கருப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இதன்பின் இடமில்லை. ஆடம்ஸ் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த சில நாள்களே ஆன குழந்தைகளில் 74 விழுக்காட்டினர் சிவப்பைச் சாம்பல் நிறத்திலிருந்து பிரித்தறிந்தனர். நீலத்தைப் பிரித்தறிந்தவர்கள் 14 விழுக்காடுதான். பிறந்த குழந்தையின் விழித்திரை நடுக்குழியில் கூம்பு செல்கள் குட்டையாகவும் இடைவெளி விட்டும் இருக்கின்றன. விழும் ஒளியில் சிறு பகுதியையே அவற்றால் வாங்க முடிகிறது. செறிவான நிறம் பெரிய பரப்பில் இருந்தால்தான் அக்கண்ணுக்கு எட்டும். குறை கருவியின் திறனில் இருக்கிறது. நிறமே இல்லாத உலகில் குழந்தை பிறப்பதில்லை.

பிரித்தறிவது வேறு, வகைப்படுத்துவது வேறு. மார்க் போர்ன்ஸ்டைனும் உடனாய்வாளர்களும் 1976இல் நான்கு மாதக் குழந்தைகளுக்கு ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிச் சலிக்க வைத்தனர். பிறகு அதிலிருந்து அலைநீள அளவில் சம தூரத்திலுள்ள இரு நிறங்களைக் காட்டினால், வகையின் எல்லை தாண்டிய நிறமே குழந்தையின் கவனத்தை மீண்டும் இழுத்தது. அதே வகைக்குள் இருந்த நிறம் பழையதாகவே நடத்தப்பட்டது. 2017இல் ஆலிஸ் ஸ்கெல்டன், அன்னா ஃபிராங்க்ளின் குழுவினர் 4 முதல் 6 மாத வயதுள்ள 179 குழந்தைகளிடம் நிறவட்டம் முழுவதையும் சோதித்து, சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஐந்து வகைகளைக் கண்டனர். அந்த எல்லைகளில் பெரும்பாலானவை கூம்பு செல்களின் குறிகைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் நரம்பு அமைப்புகளின் பிரிவுகளோடு பொருந்தின.

இதற்கு எழும் வலுவான மறுப்பு பப்புவா நியூ கினியிலிருந்து வருகிறது. அங்குள்ள பெரின்மோ மொழியில் நீலத்துக்கும் பச்சைக்கும் தனித்தனிச் சொல் இல்லை. அம்மொழியினர் அவற்றின் எல்லையில் தனிக் கூர்மை எதையும் காட்டவில்லை, தம் மொழி வகுத்த எல்லையிலேயே காட்டினர் என்று ராபர்சன் குழுவினர் 2000இல் நிறுவினர். இந்த முடிவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது வளர்ந்தவர்களைப் பற்றியது. மொழியால் தொடக்க எல்லைகளை மங்கச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று, அவை இல்லவே இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஒலியிலும் இதைக் காண்கிறோம். தகரத்துக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாடு போன்ற இந்தி ஒலி வேறுபாட்டை, ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் உணர்கின்றன, ஓராண்டு நிரம்பும்போது இழக்கின்றன. ஒலியும் நிறமும் எல்லா வகையிலும் ஒப்பல்ல; இருந்தாலும் முன்பே உள்ளதை மொழி செதுக்குகிறது என்ற அளவில் ஒப்புமை நிற்கிறது. மேலும், சொல்லின் எல்லையைப் பார்வையின் எல்லையாகக் கொள்வதும் தவறு. நம் பேச்சில் சிவப்பு என்ற சொல் ரத்தத்துக்கும் வெளிர்ந்த மேனிக்கும் சேர்ந்தே வழங்குகிறது. இரண்டும் தமிழர் கண்ணுக்கு ஒரே நிறம் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

உற்றுப் பார்ப்பதை அறிதலாகக் கொள்ளலாமா என்ற இன்னொரு கேள்வியும் நியாயமானதே. 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 5 முதல் 7 மாதக் குழந்தைகளின் மூளையையே அளந்தனர். பச்சையும் நீலமும் மாறி மாறி வந்தபோது பின்மண்டை, பொட்டுப் பகுதிகளில் ரத்த ஓட்டம் கூடியது. இருவேறு பச்சைகள் மாறி வந்தபோது கூடவில்லை. பெரியவர்களிடமும் இதே விளைவுதான். மொழிக்குரிய இடப்பக்க மூளை தனித்து முந்தவில்லை.

ஆகவே நிறப்பெயர் தாமதமாக வருவதற்குக் காரணத்தைக் கண்ணில் தேடக் கூடாது. பந்து என்ற சொல்லைக் கையில் பிடித்துக் காட்டலாம். சிவப்பை அப்படித் தனியே எடுத்துக் காட்ட முடியாது. பந்திலும் பூவிலும் சட்டையிலும் உள்ள பொதுப்பண்பு அது என்று குழந்தைதான் ஊகிக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை பச்சையை நீலம் என்றால் நிறக்குருடு என்று பெற்றோரும் ஆசிரியரும் அஞ்ச வேண்டாம். பெயரைக் கேட்காமல், ஒரே நிறப் பொருள்களைச் சேர்த்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். அதிலும் தொடர்ந்து தவறினால் மட்டும் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.