பரபக்கம் அறிந்த வாசகர்: சீவக சிந்தாமணியும் சைவ மரபும்

மெய்ப்பொருள் ஒன்றே என்று உறுதியாக நம்புகிறவர், அதை ஏற்காத காவியம் ஒன்றைச் சுவைத்துப் படிக்கலாமா? தமிழில் இந்தக் கேள்வி சமணக் காவியமான சீவக சிந்தாமணியைச் சுற்றி நூற்றாண்டுக்கணக்கில் எழுந்துகொண்டே இருந்திருக்கிறது. உறுதியான நம்பிக்கை வாசிப்பை ஒடுக்கும் என்பது ஒரு கருத்து; கலையில் மெய்யும் பொய்யும் தேடக்கூடாது என்பது இன்னொன்று. சிந்தாமணியைச் சைவர்கள் வாசித்த வரலாறு இரண்டையும் மறுக்கிறது என்பதே என் வாதம்.

சேக்கிழார் புராணம் சொல்லும் செய்தியிலிருந்து தொடங்கலாம். அநபாய சோழன் சிந்தாமணியில் ஈடுபட்டு மகிழ்ந்திருக்கிறான். அமைச்சரான சேக்கிழார், அது பொய்ந்நூல், இம்மைக்கும் மறுமைக்கும் உதவாது என்று இடித்துரைக்கிறார். கறவைப் பசு நிற்க மலட்டுப் பசுவைக் கறந்து சலிப்பவனாக மன்னனைக் காட்டுகிறது புராணம். அநபாயனை 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனாக ஆய்வாளர் பலர் கொள்வர். உமாபதி சிவம் பெயரில் வழங்கும் இந்தப் புராணமோ 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஆகவே இதை நேரடி வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. ஆனால் சைவ மனம் தன்னைப் பற்றி எப்படி நினைத்துக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது. அந்த நினைவில் சேக்கிழார் ஏட்டை எரிக்கச் சொல்லவில்லை, பறிக்கவும் சொல்லவில்லை. உண்மைக் கதை எது என்று மன்னன் கேட்க, அடியார் வரலாற்றைச் சொல்கிறார். பின் தில்லைக்குச் சென்று அதைப் பெரியபுராணமாகப் பாடுகிறார். காவியத்துக்கு மறுமொழி இன்னொரு காவியமாக வந்தது. அதுவும் சிந்தாமணியின் ஆசிரியர் திருத்தக்கதேவர் பெருங்காப்பியத்துக்கு வழக்காக்கிய அதே விருத்தப்பாவில்.

சேக்கிழாரின் குற்றச்சாட்டு நியாயமானதா என்பதற்குக் காவியத்தையே பார்க்க வேண்டும். 13 இலம்பகங்கள், 3145 செய்யுட்கள். சீவகன் எண்மரை மணப்பதால் இதை மணநூல் என்றும் சொல்வார்கள். இன்பச் சுவையை இவ்வளவு விரித்த துறவியின் தூய்மையை அன்றே சிலர் ஐயுற்றதாகவும், பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தி அவர் அதை மெய்ப்பித்ததாகவும் செவிவழிக் கதை உண்டு. ஆனால் கதை முடிவது முத்தி இலம்பகத்தில். அங்கே ஒரு சோலைக் காட்சி. ஊடிய மந்தியைத் தணிக்க ஆண்குரங்கு பலாப்பழம் கொண்டுவந்து கொடுக்கிறது. காவற்காரன் குரங்குகளை விரட்டிவிட்டுப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். பார்த்துக்கொண்டிருந்த சீவகன் கணக்குப் போடுகிறான்: பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன், பறித்தவன் தான். தந்தையின் அரசைக் கவர்ந்த கட்டியங்காரனைக் கொன்று அதை மீட்ட வீரம், நொடியில் காவற்காரன் செய்கையாகச் சுருங்கிவிடுகிறது. சீவகன் துறவு பூணுகிறான். எட்டு மணங்களும் இந்தக் கணத்துக்காகவே அடுக்கப்பட்டவை என்று நான் கருதுகிறேன். மணங்களை மட்டும் சுவைத்துவிட்டு ஏட்டை மூடுகிறவன் காவியத்தில் பாதியைத்தான் படித்தவன். சிந்தாமணியை வெறும் பொழுதுபோக்காகக் கொண்டாடுவது தேவரை அவமதிப்பதாகும். பொய்ந்நூல் என்று வெகுண்ட சேக்கிழாராவது அது மெய்யைப் பற்றிப் பேசுகிறது என்பதை ஒப்புக்கொண்டார்.

பொய் என்று மறுக்குமுன் செய்ய வேண்டிய வேலை என்ன? இதற்குச் சைவ சித்தாந்தமே நெறி வகுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், தன் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு முன்னே பரபக்கத்தை வைக்கிறது. உலகாயதர் முதல் பாஞ்சராத்திரர் வரை பதினான்கு கொள்கைகள் அங்கே வருகின்றன. ஒவ்வொன்றையும் முதலில் எடுத்துரைத்த பிறகே மறுப்பு தொடங்குகிறது. அருணந்தியார் எல்லாம் ஒன்றே என்று சொல்லும் சமரசவாதி அல்லர். தம் முடிவில் அசையாதவர். அசையாதவர் என்பதாலேயே எதிராளிக்குப் பேச இடம் கொடுக்க அவரால் முடிந்தது.

தருக்க நூலில் கைக்கொண்ட இந்த நெறியை இலக்கிய வாசிப்பில் எல்லாரும் கைக்கொள்ளவில்லை. 17ஆம் நூற்றாண்டில் இலக்கணக்கொத்து எழுதிய சுவாமிநாத தேசிகர், சங்க நூல்களையும் கதைக் காவியங்களையும் பொருட்படுத்திப் பயில்வோர் வாழ்நாளை வீணாக்குகிறார்கள் என்று கடிந்தார். ஆழ்ந்த புலமையுடைய ஒருவரிடமிருந்து இப்படியொரு வாக்கு வந்ததை இன்று படிக்கும்போதும் மனம் வருந்துகிறது. அவருக்கு முன்பே நச்சினார்க்கினியர் வேறு வழி காட்டியிருந்தார். சைவராகிய அவர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காததால், சித்தாமூர் சென்று சமண நூல்களைக் கற்றுத் திருத்தி எழுதினார் என்பது மரபு.

உ.வே. சாமிநாதையர் சென்றதும் அதே வழிதான். திருவாவடுதுறை ஆதீனத்தில் பயின்ற சைவர் அவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டது அவரைத் திருப்பியது. ஏட்டில் விளங்காத இடங்களைக் கேட்டறிய அவ்வூர்ச் சமணர் ஒருவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் தோரணம் கட்டியிருந்தது. விசேஷம் என்ன என்று கேட்டார். சிந்தாமணி படித்து முடித்ததைக் கொண்டாடுகிறோம் என்றார்கள். புலவருக்குப் புதிராக இருந்த நூல் அந்த வீட்டில் வழிபாடாக நடந்துகொண்டிருந்தது. சைவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்ற முணுமுணுப்புகளுக்கு நடுவே 1887இல் பதிப்பு வெளிவந்தது. ஐயர் நெற்றியில் திருநீறு கடைசிவரை இருந்தது.

எதிர்த்தரப்பை எடுத்துரைக்கிறேன் என்பவரும் தமக்கு வசதியானதைத்தானே எடுப்பார் என்று கேட்கலாம். கேள்வி வலுவானது. பௌத்தக் காவியமான குண்டலகேசியை மறுக்கவே சமணர் நீலகேசி பாடினர். நீலகேசி சமய திவாகர வாமன முனிவர் உரையோடு முழுமையாக நம் கைக்கு வந்திருக்கிறது. குண்டலகேசியோ, பிறர் எடுத்தாண்டதால் தப்பிய சில செய்யுட்களாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. காவியத் தலைவி நீலகேசி வாதில் வென்றாள் என்று அந்நூல் சொல்கிறது. அவள் வென்ற வாதம் குண்டலகேசி உண்மையில் சொன்னதுதானா என்று சரிபார்க்க மூலநூல் இல்லை. பௌத்தரின் இழப்பு மட்டுமாக இதைப் பார்க்க முடியாது. தம் கொள்கையே மெய் என்று நிறுவ முனைந்த சமணரின் வெற்றியும் இதனால் சரிபார்க்க முடியாததாகிவிட்டது.