ஈ, தா, கொடு: சிங்கப்பூர்த் தெருவில் கையேந்தியோர் வரலாறு

பிறரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு. ஈ என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல். தா என்பது ஒத்தவர் தம்முள் வழங்குவது. கொடு என்பது உயர்ந்தோன் தன்னினும் தாழ்ந்தோனிடம் கேட்பது. தொல்காப்பியர் இம்மூன்றையும் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் வைத்து இலக்கணம் வகுத்துள்ளார். கேட்கும் பொருள் ஒன்றே. கேட்போனுக்கும் கேட்கப்படுவோனுக்கும் உள்ள உறவு மாறினால் சொல்லும் மாறிவிடும். இத்துணை நுட்பமாக இரத்தலை ஆராய்ந்த மொழிக்கு, கேட்கும் வாய் யாருடையது என்பது பண்டுதொட்டே பெரிய செய்தியாக இருந்தது போலும்.

ஆனால் இலக்கணம் வகுத்த அவ்வுலகில் கேட்போனும் கேட்கப்படுவோனும் ஒருவரை ஒருவர் அறிவர். பாணன் ஊரையும் மரபையும் சொல்லிக்கொண்டே வருவான். புரவலன் பெயர் நாடறிந்தது. துறைமுகப் பட்டினத்தின் நிலை வேறு. அங்கே எதிரே நிற்பவன் எந்த ஊரான், எந்தக் கப்பலில் வந்தவன், நேற்று என்ன செய்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. சிராங்கூன் சாலையில் ஐந்தடி நடைபாதையின் தூணோரம் நிற்பவர் ஒருவர், "அண்ணே, சாப்பிட ரெண்டு வெள்ளி இருந்தா குடுங்க" என்று கேட்டால், கேட்கப்பட்டவருக்கு எண்ணிப் பார்க்க இரண்டு மூன்று நொடிகளே கிடைக்கின்றன. அந்தச் சில நொடிகளில் விடை காண முடியாத வினாவுக்குச் சிங்கப்பூர் நகரம் இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது.

1819ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி இத்தீவில் காலூன்றியபின், கூலி வேலை தேடி வந்த ஆண்கள் திரளாகக் குவிந்தனர். குடும்பம் உடன் இல்லை, ஊரார் இல்லை. உடல் நன்றாயிருக்கும் வரை பிழைப்புண்டு. காலில் புண் வைத்துவிட்டால், அபினிப் பழக்கம் பற்றிக்கொண்டால், முதுமை வந்துவிட்டால் தெருவைத் தவிரப் போக்கிடம் இல்லை. நோயுற்ற ஏழைகளுக்கென ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் செலவுக்குப் பன்றி இறைச்சி விற்பனையின் மீது போட்ட வரியே ஆதாரம். அவ்வரி 1830களில் நீக்கப்பட்டது. நீக்கியவர்களுக்கு அது தாராள வாணிகக் கொள்கை. புண்ணோடு தெருவில் கிடந்தவனுக்கோ அது அன்றைய கஞ்சி.

இந்நிலையில்தான் டான் டோக் செங் என்னும் சீன வணிகர் முன்வந்தார். 1798ஆம் ஆண்டில் மலாக்காவில் பிறந்த அவர் காய்கறியும் கோழியும் விற்றுப் பிழைப்பைத் தொடங்கிப் பின்னர்ப் பெருஞ்செல்வர் ஆனவர். கேட்பாரற்று இறந்த ஏழைகளின் பிணங்களைத் தம் செலவில் அடக்கம் செய்தவர் என்பதும் அவரைப்பற்றி அறியப்பட்ட செய்தி. தெருவில் இரந்து திரிந்த நோயாளிகளுக்கென மருத்துவமனை கட்ட அவர் ஐயாயிரம் ஸ்பானிய டாலர் அளித்தார். 1844ஆம் ஆண்டில் பேர்ல்ஸ் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. நோயாளிகள் அதில் குடிபுகப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. கட்டடம் ஒருவர் கொடையால் எழும்பிவிடும். அன்றாடச் சோற்றுக்கும் மருந்துக்கும் யார் பொறுப்பு என்பதில்தான் ஓயாத இழுபறி. கம்பெனி அரசு வணிகரைப் பார்த்தது. வணிகர் அரசைப் பார்த்தனர். 1850ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் மகன் டான் கிம் சிங்கும் குடும்பத்தாரும் கொடையைத் தொடர்ந்தனர்.

1860ஆம் ஆண்டையொட்டி அம்மருத்துவமனை சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் பகுதிக்கு மாற்றப்பட்டது. இன்று தமிழர் கூடும் அச்சாலையின் ஒரு முனையில், 1909ஆம் ஆண்டில் மோல்மீன் சாலைக்குப் பெயரும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது இருந்தது. இன்றைய மாபெரும் மருத்துவமனையின் வாயிலில் செல்வோர் பலருக்கு, அது பிச்சைக்காரரின் புகலிடமாகத் தோன்றியது என்பது நினைவில் இருப்பதில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்து வேறொரு விடையை வைத்திருந்தது. நெப்போலியப் போர்கள் முடிந்து, கை கால் இழந்த படைவீரர் பலர் பிழைக்க வழியின்றி ஊர் ஊராக அலைந்தனர். 1824ஆம் ஆண்டில் அலைந்து திரிவோர் சட்டம் பிறந்தது. தெருவில் இரத்தல் குற்றம். புண்ணையோ ஊனத்தையோ காட்டி இரத்தல் அதனினும் கொடிய குற்றம். நாட்டுக்காகப் பெற்ற புண்ணையே காட்டக்கூடாது என்று சொன்ன சட்டம் அது! இதன் சொற்களும் பாகுபாடுகளும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகள் பலவற்றுக்குக் கப்பலேறிச் சென்றன. சிங்கப்பூர் முற்றாகக் கம்பெனியின் உடைமையானதும் அதே 1824ஆம் ஆண்டில்தான்.

தமிழ்த் தொழிலாளர் திறத்தில் அரசு கண்ட வழி, கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்புவது. 1930ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. மூன்றே ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து தாயகம் அனுப்பப்பட்டனர். வேலை உள்ளவரை ஆள். வேலை போனால் சுமை. பிச்சைக்காரர் தொகை பெருகாமல் காக்க அதுவும் ஒரு முறைதான். பயணச் சீட்டைத் தருமக் கணக்கில் எழுதுவதா, காவல் கணக்கில் எழுதுவதா என்பதுதான் விளங்கவில்லை.

சப்பானியர் ஆட்சி முடிந்தபோது கையேந்தாதவரே குறைவு என்னும் நிலை. 1946ஆம் ஆண்டில் சமூக நலத்துறை அமைக்கப்பட்டது. அவ்வாண்டே தெலுக் ஆயரில் மக்கள் உணவகம் ஒன்று திறக்கப்பட்டு, 35 காசுக்கு ஒரு வேளைச் சாப்பாடு அளிக்கப்பட்டது. இங்கே கவனிக்கத்தக்கது அந்த 35 காசு. இலவசமாக இட்டால் வாங்குபவன் இரவலன். விலை கொடுத்தால் அவன் உண்ண வந்தவன். தொல்காப்பியர் மொழியில் சொன்னால், ஈ என்பது தா என்றாகி விடுகிறது.

சிங்கப்பூர் தனிநாடான 1965ஆம் ஆண்டில் ஆதரவற்றோர் சட்டம் வந்தது. 1989ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. ஆதரவற்றவர் யார் என்பதற்கு அச்சட்டம் தரும் இலக்கணம் ஆராயத்தக்கது. பொதுவிடத்தில் பிறருக்குத் தொல்லை தரும் வகையில் இரப்பவர் ஒரு வகை. இரந்தாலும் இரவாவிட்டாலும், பிழைக்க வழியோ தங்க இடமோ இன்றி, அல்லது தம்மைப்பற்றித் தக்க விளக்கம் தர இயலாமல் பொதுவிடத்தில் காணப்படுபவர் மற்றொரு வகை. இத்தகையோரை விசாரித்து நலக் காப்பகத்தில் தங்க வைக்கச் சமூக நலத் தலைமை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இரத்தலையே வழக்கமாகக் கொண்டவருக்கு 3,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கலாம்.

மூவாயிரம் வெள்ளி இருப்பவர் ஏன் இரக்கப் போகிறார் என்று கேட்கத் தோன்றும். எனினும் இச்சட்டத்தை வெறுங் கொடுமை என்று தள்ளிவிடவும் இயலாது. காப்பகத்தில் உணவும் மருத்துவமும் உறையுளும் கிடைக்கின்றன. கவனிப்பாரற்ற முதியோரும் மனநோயுற்றோரும் அங்கே பேணப்படுகின்றனர். தெருவில் விழுந்து மடிய விடுவதைவிட அது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் தங்க வைக்கப்பட்டவர் இசைவின்றி வெளியேறலாகாது. மணிமேகலை வேண்டுகோளால் சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினான் எனச் சாத்தனார் காப்பியம் செய்தார். இங்கே அறக்கோட்டத்துக்கு ஒரு பூட்டும் இருக்கிறது.

இன்னொன்று. இச்சட்டம் கேட்பவனைப்பற்றியே பேசுகிறது. கொடுப்பவனைப்பற்றி மூச்சு விடவில்லை. அதுமட்டுமன்று. கேட்போரை அரசு நுட்பமாக இனம் பிரித்து வைத்துள்ளது. நடைபாதையில் பாடி இசைப்பவருக்குத் தேசியக் கலைகள் மன்றம் 1997ஆம் ஆண்டிலிருந்து ஒரு திட்டம் வகுத்து இசைவு வழங்கி வருகிறது. எனவே அவர் கலைஞர். தேக்கா உணவங்காடியில் மேசைக்கு மேசை சென்று மெல்லிழைத்தாள் பொட்டலம் நீட்டும் மூதாட்டி சட்டத்தின் கண்ணில் விற்பனையாளர். உரிமம் இல்லையேல் அது குற்றம். உண்டியல் குலுக்கிப் பொதுப்பணிக்கு நிதி திரட்டுவோருக்கு 1947ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆக, பாட்டோ பொட்டலமோ உண்டியலோ இல்லாமல் வெறுங்கையை நீட்டுபவர் மட்டுமே பிச்சைக்காரர். பொட்டலம் வாங்குவோரில் பலருக்கு அது தேவையே இல்லை. இரு தரப்பாருக்கும் உண்மை தெரியும். இருவரும் அதைச் சொல்லாமல் காப்பது ஒருவகை நாகரிகம்.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு முடிந்தபாடில்லை. சென்னை மாகாணம் 1945ஆம் ஆண்டிலும் பம்பாய் 1959ஆம் ஆண்டிலும் இரத்தலைத் தடுக்கச் சட்டம் இயற்றின. பம்பாய்ச் சட்டமே டில்லிக்கும் விரிவாக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் டில்லி உயர்நீதிமன்றம் அதன் பிரிவுகள் பலவற்றைச் செல்லாதவை என்றது. வாழ வழி செய்யத் தவறிய அரசு, வழியற்றவனைத் தண்டிப்பது முறையன்று என்பது அத்தீர்ப்பின் கருத்து. செனீவா நகரில் இரந்த ருமேனிய நாட்டு ஏழைப் பெண்ணொருத்திக்கு 500 பிராங்க் அபராதம் விதித்து, கட்டாததால் ஐந்து நாள் சிறையில் வைத்தனர். தன் வறுமையைப் பிறர்க்கு எடுத்துச் சொல்வதும் மனித மாண்பைச் சார்ந்தது எனக் கண்ட ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 2021ஆம் ஆண்டில் அவளுக்குச் சார்பாகத் தீர்த்தது.

சட்டம் எதுவாயினும், சாலையில் நடப்பவரின் தயக்கம் வேறு. கேட்பவன் பொய்யனாயின் என் செய்வது? இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. காவி உடுத்துக் கிண்ணம் ஏந்தும் போலித் துறவியரைப்பற்றிச் சிங்கப்பூர்ப் பௌத்தச் சம்மேளனம் பன்முறை எச்சரித்துள்ளது. 1869ஆம் ஆண்டில் லண்டனில் தோன்றிய அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கம் இவ்வச்சத்தையே கொள்கையாக்கிற்று: விசாரிக்காமல் கொடுக்காதே, தெருவில் போட்ட காசு தீங்கே செய்யும். இன்றைய சமூக ஊழியரின் விசாரணை முறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. விசாரணை நல்லதே. ஆனால் விசாரிப்பதற்கு நேரமும் அலுவலகமும் வேண்டும். பசி அதுவரை காத்திருப்பதில்லை. வள்ளுவரோ இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தக்கவரிடம் இரத்தல் இழிவன்று என்பது முன்னது. யாரிடமும் இரவாமையே மேல் என்பது பின்னது. முரண்போலத் தோன்றினும், கேட்பவன் நெஞ்சில் இவ்விரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதற்குச் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளிலேயே ஒரு சான்றுண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர் வேலையிடத்தில் காயமுற்றாலோ, சம்பள பாக்கி கேட்டு முறையிட்டாலோ, வழக்கு முடியும்வரை சிறப்பு அனுமதிச் சீட்டில் இங்குத் தங்க வேண்டியிருக்கிறது. அச்சீட்டை உடையவர் பொதுவாக வேலை செய்யலாகாது. வழக்கு மாதக்கணக்கில் நீளும். வருமானம் இல்லை, ஊரிலோ முகவருக்குக் கட்டிய கடன் வட்டியோடு வளரும். இந்நிலையில் சிலர் அப்பகுதித் தெருக்களில் உறங்கக் கண்டபின், 2008ஆம் ஆண்டில் வெளிநாட்டு ஊழியர் நலம் பேணும் தொண்டமைப்பான டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுண்ட் டூ, கஃப் சாலைத் திட்டம் என்னும் பெயரால் இலவச உணவு வழங்கத் தொடங்கிற்று. தமிழரும் வங்காளியரும் அதில் மிகுதி. ஏற்கெனவே உள்ள உணவகத்திலேயே ஏனைய வாடிக்கையாளர் போல அமர்ந்து அவர்கள் உண்பர். பெயரைப் பதியும்போது என்ன நேர்ந்தது என்பதும் கேட்டெழுதப்படும். ஆகவே விசாரணையும் இங்கே உண்டு. ஆனால் அது பொய்யனைப் பிடிக்கும் விசாரணையாகாமல், அவருக்கு வர வேண்டியதைப் பெற உதவும் விசாரணையாகிறது.

அத்தொழிலாளி முதலாளியிடம் கேட்க வேண்டிய சொல் கொடு என்பதே. உழைத்து ஈட்டிய சம்பளம் அது; கேட்பதில் தாழ்வு யாதுமில்லை. அங்கே அச்சொல் செல்லாமற் போனதால்தான், முன்பின் அறியாத வழிப்போக்கரிடம் ஈ என்று நிற்க நேர்கிறது. கேட்கப்படுபவர் காதில் விழுவது அந்த இரண்டாவது சொல் மட்டுமே. பல்லாண்டு முன் ஓலைக் கொட்டகையில் புண்ணோடு கிடந்த சீனக் கூலிக்கும் இதே கதையாக இருந்திருக்கக்கூடும். அவன் வாய்ச்சொல்லைக் கேட்டெழுதத்தான் அன்று ஆளில்லை.

2022ஆம் ஆண்டில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு இரவில் தெருத்தெருவாக எண்ணியபோது வெளியில் உறங்குவோர் 530 பேர் எனக் கணக்கிட்டது. அவருள் எத்தனை பேர் பகலில் யாரிடமேனும் கையேந்தினர் என்பது எண்ணிக்கையில் வராது. ரொக்கம் அருகி, பாடகரின் பெட்டிமேலும் விரைவுத் தகவல் குறியீட்டு அட்டை ஒட்டப்பட்டுவிட்ட நகரம் இது. "சில்லறை இல்லையே" என்பது இப்போது பெரும்பாலும் உண்மையாகவே ஆகிவிட்டது. தூணோரம் நிற்பவர் அதைக் கேட்டுத் தலையசைத்து, அடுத்து வருபவரைப் பார்க்கிறார்.