கூப்பிலிருந்து வாய்க்காலுக்கு: பிச்சாவரம் அலையாத்திக் காட்டு மீட்பின் வரலாறு

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,100 எக்டேரில் பரந்திருக்கிறது பிச்சாவரம். படகில் போகிறவர்கள் கண்ணில் படுவது கழியோரத்துச் சுரபுன்னை வரிசை. ஆனால் இந்தக் காட்டின் அழிவும் மீட்பும் அந்த வரிசைக்குப் பின்னால், வெண்கண்டல் வளரும் உள்நிலத்தில் நடந்தவை. நிதியும் நாற்றும் பெருகிவரும் இக்காலத்தில் அந்த வரலாற்றைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இங்கே கூப்பு முறை நடந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொன்றையும் அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே மறுபடி துளிர்க்கும் என்பது கணக்கு. துளிர்க்கவில்லை. உள்நிலம் பொட்டலானபோது பழி விறகு வெட்டியவர்கள்மீதும் மாடு மேய்த்தவர்கள்மீதும் விழுந்தது. கழியை நம்பிப் பிழைத்தவர்களே கழியை அழித்தவர்களாக நெடுங்காலம் பேசப்பட்டார்கள்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். மரநிழல் போனதும் மண் வெயிலில் காய்ந்து, ஈரம் வற்றித் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்துக்குள் ஓதநீர் ஏறும், வற்றும்போது வெளியேறாது. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்பில் வெண்கண்டல் விதைகூட வேர் பிடிக்காது. ஆகவே முதலில் தேவைப்பட்டது நாற்று அல்ல, நீர் வந்து போக வழி. இயற்கைக் கழியிலிருந்து பெரிய வாய்க்காலும் அதன் இருபுறமும் கிளை வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கி உப்பு குறைந்த பிறகே நடவு நடந்தது.

இந்தத் தீர்வின் வேர் ஆய்வகத்தில் மட்டும் இல்லை என்பதே என் கருத்து. தமிழகத்தின் மற்றோர் அலையாத்திக் காடான முத்துப்பேட்டையில் மீன்பிடிப்பதற்காகக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்தக் கரைகளில் மரம் செழித்தே நின்றது. வனச்சட்டத்தின் பார்வையில் அத்துமீறலாகத் தெரிந்த ஒன்றில் கழியின் இயல்பறிந்த ஒரு தொழில்நுட்பம் இருந்தது.

வனத்துறையும் கிராம மன்றங்களும் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய கூட்டு மேலாண்மைக்கு இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியம் பணம் தந்தது. வாய்க்கால் வெட்டியதும் நட்டதும் கிராமத்தார். கையால் துழாவி மீனும் இறாலும் பிடித்துவந்த இருளர் குடும்பங்களும் அவர்களில் அடக்கம். 1986, 2002ஆம் ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர் செல்வமும் அவருடைய குழுவினரும் காட்டுப் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதாகக் கண்டனர்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் பிச்சாவரத்தை உலகமே கவனித்தது. பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் மரங்கள் உயிரிழப்பைக் குறைத்தன என்றனர். அதே தரவை மறுபடி கணக்கிட்ட வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமும்தான் பெரும்பாலும் காரணம் என்று 2006இல் மறுத்தனர். இந்த மறுப்பை மதிக்க வேண்டும். ஆனால் காட்டைக் காக்க சுனாமி ஒன்றே காரணம் அல்ல. இறால் குஞ்சும் நண்டும் வளரும் இடம் என்பதே கழிக்கரை மக்களுக்குப் போதுமான நியாயம்.

அலையாத்திக் காடுகளைக் காப்பதில் வணிக நிறுவனங்களின் பங்குக்கு இரு முகங்கள் உண்டு. மும்பை விக்ரோலியில், தாணே கழியோரம் தன் வசமிருந்த காட்டைக் கட்டடமாக்காமல் வைத்திருந்த கோத்ரெஜ், 1985இல் அங்கே கடல்சார் சூழலியல் மையம் ஒன்றையும் தொடங்கியது. மண்ணோடு நெடுங்கால உறவு வைத்த முயற்சி அது. மற்றொன்று நடவு நிதி. 2013 நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொன்னபின், கரையோர நடவுக்கும் அதிலிருந்து பணம் வருகிறது. குஜராத்தில் அரசும் நிறுவனங்களும் கூட்டாக நட்டதும் சேர்ந்து, 1987இல் 427 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 2021இல் 1,175 ஆனது. இது சிறிய காரியமல்ல. ஆனால் எத்தனை நட்டோம் என்ற கணக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சான்று. பிரிமவேராவும் எஸ்தெபானும் 2008இல் எழுதிய ஆய்வின்படி, பெருஞ்செலவில் நட்டவற்றில் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடே. தவறான இடத்தில் தவறான இனத்தை நட்டது முக்கியக் காரணம்.

பிச்சாவரம் 2022இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வெட்டிய வாய்க்கால்களோ வண்டல் சேர்ந்து தூர்ந்துபோகும் தன்மையுடையவை. அவ்வப்போது தூர்வாரியே ஆகவேண்டும். நடவுக்குக் கிடைக்கும் நிறுவன நிதியில் ஒரு பகுதியைத் தூர்வாரும் கூலியாக, பல ஆண்டு ஒப்பந்தமாக, கிராம மன்றங்களின் கையில் தர வேண்டும். எந்த வாய்க்கால் எப்போது அடைகிறது என்பதை முதலில் அறிகிறவர்கள் அங்கே தினமும் மீன்பிடிக்கப் போகிறவர்கள்தான்.